லாஸ் வேகஸில் முதல் போக்கர் டோர்னமெண்ட்: பதிவு முதல் பரிசுப் பணம் வரை

வருடாவருடம் மே கடைசியில் தொடங்கி ஜூலை நடுவில் முடியும் வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கர் சமயத்தில் நம்மவர்கள் நிறையப் பேர் லாஸ் வேகஸுக்குப் போகிறார்கள். வீட்டில் நண்பர்களோடு சனிக்கிழமை ராத்திரி ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து பொதுச் சீட்டு வைத்து ஆடும் போக்கர்) ஆடிய பழக்கம் இருக்கும். எந்தக் கை (சீட்டுச் சேர்க்கை) எதை ஜெயிக்கும் என்று தெரிந்திருக்கும். ஆனால் டோர்னமெண்ட்டில் பணம் கட்டுவது, மேசையில் பேசுவது, எப்போது ஒதுங்குவது, எப்போது துணிவது எல்லாமே வேறு மாதிரி. இதைக் கோர்வையாகச் சொல்ல ஆளில்லாமல் நான் நன்றாகத் திண்டாடினேன். புதிதாகப் போகிறவர்கள் அந்த அலைச்சலைப் படவேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கட்டும் பணம் திரும்பி வராது என்று நினைத்தே கட்டுங்கள். பெரும்பாலான போட்டிகளில் 100 பேர் உட்கார்ந்தால் 85 பேருக்கு ஒரு காசும் கிடைக்காது. வாடகைப் பணம், பள்ளிக் கட்டணம், கிரெடிட் கார்டு கடன் ஆகியவற்றை வைத்து ஆடவே கூடாது. இழந்த பணத்தை அன்றைக்கே மீட்டுவிட வேண்டும் என்று மனசு துடிக்கும் சுபாவம் உங்களுக்கு இருந்தால், இந்தப் பக்கமே வராமல் இருப்பது நல்லது.

1. எந்தப் போட்டி என்று முடிவு செய்யுங்கள்

வேர்ல்ட் சீரீஸ் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 10,000 டாலர் கட்டி ஆடும் மெயின் ஈவென்ட். முதல் தடவை போகிறவருக்கு அது வேண்டாம். அதே கூரையின் கீழ் சில நூறு டாலரில் தினமும் ஆடும் டெய்லி டீப்ஸ்டாக் போட்டிகள் உண்டு. அந்த வாரங்களில் வெனீஷியன், ஆர்லியன்ஸ், கோல்டன் நக்கெட் போன்ற கசினோக்களும் தங்கள் சொந்தத் தொடர்களை நடத்துகின்றன. கூட்டம் குறைவு, கட்டணமும் குறைவு. பழகிக்கொள்ள அவை நல்ல இடங்கள்.

போட்டியின் அட்டவணைத் தாளை இணையத்தில் எடுத்துப் பார்த்தால் நாலு விஷயம் கண்ணில் படவேண்டும். எத்தனை சிப்ஸ் (பந்தய வில்லைகள்) தருகிறார்கள், ஒரு லெவல் (சீட்டு பார்க்குமுன்பே இருவர் வைக்கவேண்டிய 'பிளைண்ட்' என்ற கட்டாயப் பந்தயம் ஏறாமல் இருக்கும் நேரம்) எத்தனை நிமிடம், எந்த லெவல் வரைக்கும் தாமதமாகச் சேரலாம், தோற்றால் மறுபடியும் பணம் கட்டி உள்ளே வரலாமா.

இந்த நாலில் லெவல் நேரம்தான் ரொம்ப முக்கியம். 15 நிமிட லெவல் என்றால் ஆட்டம் சீக்கிரமே சீட்டு விழும் அதிர்ஷ்டத்தின் கைக்குப் போய்விடும். 30 அல்லது 40 நிமிடம் இருந்தால் யோசித்து ஆட இடம் கிடைக்கும். மெயின் ஈவென்ட்டில் 60,000 சிப்ஸ், ஒரு லெவல் 2 மணி நேரம், தோற்றால் மறுநுழைவு கிடையாது. அதற்கு இவ்வளவு மதிப்பு இருப்பதற்கு அந்த நிதானமும் ஒரு காரணம். சிப்ஸ் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். 40,000 சிப்ஸ் தருகிறோம் என்று விளம்பரம் இருக்கும். லெவல் 15 நிமிடம்தான் என்பது கீழே பொடி எழுத்தில் இருக்கும்.

மறுநுழைவு இன்னொரு பொறி. 250 டாலர் போட்டி என்று நினைத்துப் போவீர்கள். ஒரு மணி நேரத்தில் வெளியே வந்ததும் கால் தானாகப் பதிவு கவுன்ட்டர் பக்கம் நடக்கும். எத்தனை தடவை கட்டுவேன் என்பதை வீட்டிலேயே முடிவு செய்து, அந்தப் பணத்தை மட்டும் தனியாக எடுத்துப் போங்கள். என்னைக் கேட்டால் முதல் போட்டிக்கு ஒரே நுழைவு போதும்.

'சாட்டிலைட்' என்ற பெயரில் ஒரு வகைப் போட்டி உண்டு. அதில் ஜெயித்தால் பணத்துக்குப் பதில் பெரிய போட்டிக்கான இடம் கிடைக்கும். மெயின் ஈவென்ட்டுக்கு 1,100 டாலர் சாட்டிலைட்கள் நடக்கும். அதன் ஆட்டமுறையே வேறு. முதல் பயணத்தில் அதைத் தொடவேண்டாம்.

2. மொத்தச் செலவைக் கணக்கிடுங்கள்

நீங்கள் கட்டும் பணம் முழுதும் பரிசுத் தொகைக்குப் போவதில்லை. கசினோவின் பங்கு அதிலிருந்தே கழியும். 2023 மெயின் ஈவென்ட்டில் 10,043 பேர் ஆளுக்கு 10,000 டாலர் கட்டினார்கள். பரிசுக்குப் போனது ஆளுக்கு 9,300 டாலர். பிடித்தம் 7 சதவீதம். கட்டணம் சின்னதாக ஆக ஆக இந்தச் சதவீதம் ஏறும். 100, 150 டாலர் போட்டிகளில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூடப் பிடித்துக்கொள்வார்கள். அட்டவணைத் தாளில் கட்டணத்தை இரண்டாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள், பாருங்கள். பிடித்தம் 20 சதவீதத்தைத் தாண்டினால் நான் அந்தப் போட்டிக்குப் போகமாட்டேன்.

சில போட்டிகளில் ஊழியர்களுக்கான தொகை என்று 10 டாலர் கூடுதலாகக் கட்டினால் இன்னும் கொஞ்சம் சிப்ஸ் தருவார்கள். பெயரளவில் விருப்பம்தான். ஆனால் தரும் சிப்ஸோடு ஒப்பிட்டால் அது மலிவு. அனேகமாக எல்லோரும் கட்டுவார்கள். நீங்களும் கட்டிவிடுங்கள்.

அறை வாடகையில் ஏமாறுவது சுலபம். இணையத்தில் 60 டாலர் என்று காட்டும் அறைக்கு ரிசார்ட் கட்டணம் என்று ஒரு ராத்திரிக்கு 50 டாலர் சுமாருக்கு மேலே ஏறும், வரி தனி. வார நாட்களில் வாடகை குறைவு, வெள்ளி சனி இரண்டும் எகிறும். கார் நிறுத்தவும் பல இடங்களில் காசு. சைவம் சாப்பிடுபவர்கள் கசினோவுக்குள் உணவு வேட்டைக்குக் கிளம்பினால் இடைவேளை முடிந்துவிடும். பையில் பழம், கடலை, தண்ணீர் பாட்டில் இருக்கட்டும்.

3. ஆவணங்கள்: பெயர்ச் சிக்கலை ஊரிலேயே தீர்த்துவிடுங்கள்

நெவாடாவில் 21 வயது நிரம்பாதவர்கள் ஆட முடியாது. அடையாள அட்டை கட்டாயம். அமெரிக்காவில் வசிப்பவருக்கு அந்த ஊர் டிரைவிங் லைசென்ஸ் போதும். வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு அசல் பாஸ்போர்ட் வேண்டும். நகலோ போனில் எடுத்த படமோ செல்லாது. அதோடு அந்தந்த கசினோவின் உறுப்பினர் அட்டையும் வேண்டும். வேர்ல்ட் சீரீஸ் நடக்கும் ஹார்ஸ்ஷூ, பாரிஸ் இரண்டும் சீசர்ஸ் நிறுவனத்துடையவை என்பதால் சீசர்ஸ் ரிவார்ட்ஸ் அட்டை எடுக்கவேண்டும். இலவசம்தான், ஆனால் வரிசை தனி.

நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இங்கேதான். நம் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு கட்டத்தில் இருக்கும், லைசென்ஸில் இரண்டும் இடம் மாறியிருக்கும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயரின் இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகியிருக்கும். ஒரு கசினோவில் உறுப்பினர் அட்டையில் அவர்களே என் பெயரைத் திருப்பிப் போட்டுவிட்டு, பதிவு கவுன்ட்டரில் அதே காரணத்தைச் சொல்லி என்னை நிறுத்தினார்கள். சரிசெய்து முடிப்பதற்குள் முதல் இடைவேளை வந்துவிட்டது. உறுப்பினர் அட்டையைக் கையில் வாங்கிய உடனே பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். இணையப் பதிவிலும் அதே எழுத்து, அதே வரிசை.

வேர்ல்ட் சீரீஸுக்கு டபிள்யூஎஸ்ஓபி பிளஸ் என்று ஒரு செயலி இருக்கிறது. அதில் கணக்குத் தொடங்கிப் பணம் போட்டு, போனிலேயே பதிவு செய்துவிட்டு, அங்கிருக்கும் இயந்திரத்தில் இருக்கைச் சீட்டை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் தடவை மட்டும் நேரில் போய் அடையாளத்தைச் சரிபார்க்கவேண்டும். இந்த வேலையைப் போட்டிக்கு முதல் நாள் சாயங்காலமோ அதிகாலையிலோ முடித்துவிடுங்கள். போட்டி தொடங்கும் நேரத்தில் போனால் வரிசை வளைந்து வளைந்து போகும்.

ரொக்கமாகக் கட்டுவதுதான் சுலபம். வெளிநாட்டிலிருந்து 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் கொண்டு வந்தால் விமான நிலையத்தில் அறிவித்தே ஆகவேண்டும். மறைத்தால் பறிமுதல் செய்யலாம். இந்தியாவில் வசிப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். லாட்டரி, ஸ்வீப்ஸ்டேக்ஸ் போன்றவற்றுக்கு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை நம் அந்நியச் செலாவணி விதிகள் தடுக்கின்றன. பெரிய தொகையோடு கிளம்பும் முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பழகிப் பார்க்க ஊரில் இணையத்தில் பணம் வைத்து ஆடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வித்தியாசமே பார்க்காமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை போட்டுவிட்டது. காசில்லாத சிப்ஸில் ஆடிப் பழகுங்கள். அதுவும் இல்லையென்றால் நாலு நண்பர்களைக் கூட்டி, போனில் டைமர் வைத்து, 15 நிமிடத்துக்கு ஒரு தடவை பிளைண்ட்டை ஏற்றி ஆடிப்பாருங்கள். நான் கண்டவரை இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

4. அன்றைய நாளின் நேரக் கணக்கு

பெரும்பாலான போட்டிகள் காலை 10 மணியிலிருந்து மதியத்துக்குள் தொடங்கும். கடைசி வரை நின்றால் நள்ளிரவைத் தாண்டும். சுமார் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை 15, 20 நிமிட இடைவேளை. கழிவறை வரிசையிலேயே அதில் பாதி போய்விடும். பெரிய போட்டிகளில் இரவு உணவுக்கு ஒரு மணி நேரம் விடுவார்கள்.

வெளியே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஆட்டக் கூடத்திலோ ஏசி எலும்பு வரை குளிரும். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று அவசியம்.

ஹார்ஸ்ஷூவும் பாரிஸும் உள்ளுக்குள்ளேயே இணைந்த கட்டடங்கள். ஆனால் ஒரு கூடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடக்க நேரம் பிடிக்கும். இருக்கைச் சீட்டில் கூடத்தின் பெயர், மேசை எண், இருக்கை எண் மூன்றும் இருக்கும். மூன்றையும் பார்த்துவிட்டு நடங்கள்.

பல நாள் நடக்கும் போட்டியானால், இரண்டாம் நாளுக்குத் தேறினால் என்ன செய்வது என்று முன்பே யோசித்து வையுங்கள். ஞாயிறு காலை விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, சனிக்கிழமை ராத்திரி சிப்ஸைப் பையில் கட்டி வைத்துவிட்டு முழிப்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கலாம். மாற்றக்கூடிய டிக்கெட் எடுங்கள்.

தாமதமாகச் சேரலாம் என்று இருந்தாலும் முதல் முறை ஆடுகிறவர் ஆரம்பத்திலேயே உட்கார்ந்துவிடுவது நல்லது. பிளைண்ட் சின்னதாக இருக்கும்போது கைக்கூச்சம் தெளிந்துவிடும்.

5. மேசையில் செய்யக்கூடாதவை

பேசிய வார்த்தை கட்டுப்படுத்தும். உங்கள் முறை வரும்போது 'கால்' (எதிராளியின் பந்தயத்துக்குச் சமமாக வைக்கிறேன்) என்று வாயில் வந்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. ஆகவே முதலில் சொல்லுங்கள், அப்புறம் சிப்ஸை நகர்த்துங்கள். உயர்த்த நினைத்து, எதுவும் சொல்லாமல் ஒரு பெரிய சிப்பை மட்டும் வைத்தால் அதை வெறும் கால் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். புதியவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது மாட்டும் விதி இது. கொஞ்சம் வைத்துவிட்டு, மறுபடியும் சிப்ஸ் அடுக்குக்குக் கையைக் கொண்டுபோய் இன்னும் கொஞ்சம் வைப்பதும் செல்லாது.

கை நடக்கும்போது மேசையில் ஆங்கிலம் மட்டும்தான். நண்பரும் அதே மேசையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காகத் தமிழில் ஒரு வார்த்தை பேசினால்கூட எச்சரிப்பார்கள். மறுபடி பேசினால் சில சுற்றுகள் வெளியே உட்கார வைப்பார்கள். 'சாப்பிட்டியாடா' என்றுதான் கேட்டேன் என்றால் அங்கே யாருக்குப் புரியும்? சீட்டு கையில் இருக்கும்போது போனையும் தொடக்கூடாது.

உங்கள் சீட்டு இரண்டின் மேலும் ஒரு சிப்பை வைத்துக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். டீலர் தவறுதலாக வாரிக்கொண்டு போய்விட்டால் அந்தக் கை போனதுதான். பெரிய மதிப்புள்ள சிப்ஸை முன்னால் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கவேண்டும், பின்னால் மறைக்கக்கூடாது. யாராவது ஆல்-இன் (தன்னிடமுள்ள சிப்ஸ் முழுவதும்) போட்டு, மேற்கொண்டு பந்தயம் இல்லையென்றால், மீதிச் சீட்டு விழும் முன் இருவரும் கையைத் திறந்து காட்டவேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை, விதி அப்படி.

சந்தேகம் வந்தால் டீலரிடம் கேளுங்கள். டீலர் சொல்வதில் திருப்தி இல்லையென்றால் 'ஃப்ளோர்' என்று குரல் கொடுத்தால் மேற்பார்வையாளர் வருவார். முதல் தடவை ஆடுகிறேன் என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவர்களே பொறுமையாகச் சொல்லித் தருவார்கள்.

ஆட்கள் குறையக் குறைய மேசைகளைக் கலைப்பார்கள். உங்கள் மேசையின் முறை வந்தால் புது இருக்கைச் சீட்டு தருவார்கள், சிப்ஸோடு எழுந்து போகவேண்டியதுதான். புது மேசையில் உடனே பிக் பிளைண்ட் (இரண்டு பிளைண்ட்டில் பெரியது) கட்ட நேரலாம். மனசு கலங்கவேண்டாம்.

6. சிப்ஸை பிக் பிளைண்ட்டில் எண்ணுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். உங்கள் முன்னால் இருக்கும் சிப்ஸின் தொகை எதையும் சொல்லாது. அதைப் பிக் பிளைண்ட்டால் வகுத்தால் வரும் எண்தான் உங்கள் நிலைமை.

ஒரு கணக்குப் போடுவோம். 25,000 சிப்ஸ், பிளைண்ட் 100/200, லெவல் 30 நிமிடம். தொடக்கத்தில் உங்களிடம் 125 பிக் பிளைண்ட். நாலு மணி நேரம் ஆடியபின் பிளைண்ட் 800/1,600 ஆகியிருக்கும் என்று வையுங்கள். நீங்கள் அதே 25,000-இல் இருந்தால் இப்போது உங்களிடம் 15 பிக் பிளைண்ட்தான். பெரிதாக ஒன்றும் இழக்காமலேயே ஏழையாகிவிட்டீர்கள்.

இதோடு ஆன்டியும் (பிளைண்ட் போக ஒவ்வொரு கைக்கும் வைக்கும் கட்டாயத் தொகை) உண்டு. இப்போது பெரும்பாலான போட்டிகளில் பிக் பிளைண்ட்டில் இருப்பவரே மேசை முழுவதுக்குமான ஆன்டியையும் சேர்த்துக் கட்டுவார். ஆக மேசையை ஒரு சுற்று சுற்றி வர 800, 1,600, 1,600 என்று 4,000 சிப்ஸ் கரையும். ஒரு மணி நேரத்துக்கு 25, 30 கைதான் நடக்கும். 9 பேர் மேசையில் ஒரு சுற்றுக்கு 20 நிமிடம். 25,000 சிப்ஸ் இரண்டு மணி நேரத்துக்குத் தாங்கும். அதுவும் பிளைண்ட் ஏறாமல் இருந்தால்தான். நல்ல சீட்டு வரட்டும் என்று கைகட்டி உட்கார்ந்திருப்பது இங்கே நடக்காது.

கூடத்துத் திரையில் தற்போதைய பிளைண்ட், அடுத்த பிளைண்ட், எத்தனை பேர் மிச்சம், சராசரி சிப்ஸ் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு லெவல் மாறும்போதும் உங்கள் எண்ணைப் புதிதாக வகுத்துப் பாருங்கள். சராசரியைப் பார்த்துப் பதற வேண்டாம். சராசரிக்குக் கீழே இருந்தாலும் 30 பிக் பிளைண்ட் இருந்தால் நீங்கள் நன்றாகத்தான் இருக்கிறீர்கள்.

7. 40 பிக் பிளைண்ட்டுக்கு மேல் இருக்கும்போது: குறைவான கை, நல்ல இடம்

முதல் இரண்டு மணி நேரத்தில் யாரும் பரிசு வாங்குவதில்லை, நிறையப் பேர் வெளியே போகிறார்கள். ரம்மியில் மோசமான கைக்கு முதல் டிராப் போடத் தயங்காதவர் இங்கே சீக்கிரம் தேறிவிடுவார்.

முன்னால் பேசவேண்டிய (தன் பந்தய முடிவைச் சொல்லவேண்டிய) இருக்கைகளில், அதாவது பிக் பிளைண்ட்டுக்கு அடுத்த இரண்டு மூன்று இடங்களில், நல்ல ஜோடிகள், ஏஸ்-கிங், ஏஸ்-குயின் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். பட்டன் பக்கம் வர வர அகலப்படுத்தலாம். பட்டனில் இருப்பவர் எல்லோரும் செய்ததைப் பார்த்துவிட்டுக் கடைசியில் பேசுகிறார். அந்த ஒரு வசதிக்காகவே அங்கே நடுத்தரக் கைகளும் ஆடத் தகுதி பெறுகின்றன.

ஆடுவதென்றால் பிக் பிளைண்ட்டைப் போல இரண்டு, இரண்டரை மடங்குக்கு உயர்த்தி நுழையுங்கள். வெறுமனே கால் போட்டு நுழையும் பழக்கம் வீட்டு ஆட்டத்தில் எல்லோருக்கும் ஒட்டிக்கொள்கிறது. உயர்த்தினால் எல்லோரும் ஒதுங்கி பாட் (நடுவில் சேர்ந்த பந்தயத் தொகை) உடனே கிடைக்க ஒரு வாய்ப்பு உண்டு. கால் போட்டால் அது இல்லை.

சின்ன ஜோடி கையில் இருந்தால் அதே மதிப்புள்ள மூன்றாவது சீட்டு ஃப்ளாப்பில் (முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில்) விழ சுமார் 12 சதவீத வாய்ப்புதான். இருவரிடமும் நிறைய சிப்ஸ் இருக்கும்போது கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாம். விழவில்லையென்றால் விட்டுவிடுங்கள். ஏஸ் கையில் இருக்கிறது என்பதற்காக ஏஸ்-6, ஏஸ்-7 போன்றவற்றோடு பெரிய பாட்டில் சிக்காதீர்கள். எதிராளியிடமும் ஏஸ் இருந்தால் அவருடைய இன்னொரு சீட்டுதான் பெரும்பாலும் பெரிதாக இருக்கும்.

பிக் பிளைண்ட்டில் இருப்பது ஒரு விதிவிலக்கு. 800/1,600-இல் ஒருவர் 3,200-க்கு உயர்த்துகிறார், மற்ற எல்லோரும் ஒதுங்குகிறார்கள். பாட்டில் 7,200 இருக்கிறது, நீங்கள் இன்னும் 1,600 போட்டால் போதும். 100-க்கு 18 தடவை ஜெயித்தாலே அந்த 1,600 ஈடாகும். ஆகவே பிக் பிளைண்ட்டில் சின்ன உயர்த்தலுக்குக் கொஞ்சம் தாராளமாகவே கால் போடலாம்.

8. 15 முதல் 40 வரை: திருடக் கற்றுக்கொள்ளுங்கள்

ஆன்டி சேர்ந்தபின் ஒவ்வொரு கையிலும், யாரும் எதுவும் செய்வதற்கு முன்பே, இரண்டரை பிக் பிளைண்ட் மேசையில் கிடக்கிறது. மேலே சொன்ன லெவலில் அது 4,000. எல்லோரும் ஒதுங்கி உங்களுக்குப் பட்டனில் முறை வருகிறது. 3,500-க்கு உயர்த்துகிறீர்கள். இப்படி உயர்த்தி, மற்றவர்களை ஒதுங்க வைத்து அந்தத் தொகையை எடுப்பதுதான் திருடுவது. பாதிக்குச் சற்றுக் குறைவான தடவை பிளைண்ட்டில் இருக்கும் இருவரும் ஒதுங்கினாலே உங்களுக்கு நஷ்டமில்லை. கையில் கிடைப்பது எதுவாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. சீட்டு நன்றாக இருந்தால் கூடுதல் லாபம்.

யாரிடமிருந்து திருடுகிறீர்கள் என்று பாருங்கள். பரிசுக்குள் வந்துவிட வேண்டும் என்று பொத்திப் பொத்தி ஆடுபவரின் பிளைண்ட் நல்ல குறி. 10 பிக் பிளைண்ட்டோடு உட்கார்ந்திருப்பவரிடம் கவனம் தேவை, அவர் ஆல்-இன் தள்ளத் தயாராகவே இருப்பார். எல்லாக் கைக்கும் கால் போடுகிறவரிடம் ஏமாற்று வேலை பலிக்காது. அவரிடம் நிஜமான கையை வைத்துக்கொண்டு பெரிதாகப் பந்தயம் வையுங்கள்.

9. 10-க்குக் கீழே: தள்ளு அல்லது விடு

10 பிக் பிளைண்ட் அளவுக்கு இறங்கிவிட்டால் உயர்த்துவது, கால் போடுவது, ஃப்ளாப் பார்ப்பது எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். முதல் ஆளாக உள்ளே நுழைந்தால் ஆல்-இன், இல்லையென்றால் ஃபோல்ட், அதாவது ஒதுங்குவது. 16,000 சிப்ஸோடு இருக்கும் நீங்கள் ஆல்-இன் தள்ளி எல்லோரும் ஒதுங்கினால் 4,000 கிடைக்கும். ஒரே கையில் உங்கள் சொத்து கால் பங்கு கூடிவிட்டது, ஒரு சீட்டும் திறக்காமலேயே.

பட்டனில் எந்த ஜோடியும், எந்த ஏஸும், நல்ல கிங்கும் தள்ளத் தகுந்தவை. முன் இருக்கையில் 5-5-க்கு மேற்பட்ட ஜோடி, ஏஸ்-10-க்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கான பட்டியல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, கிளம்புமுன் ஒன்றைப் பார்த்து மனப்பாடம் செய்யுங்கள். ஆனால் மற்றவர் தள்ளியதற்குக் கால் போட இதைவிட நல்ல கை வேண்டும். தள்ளுகிறவருக்கு எல்லோரும் ஒதுங்கி ஜெயிக்கும் வழி ஒன்று கூடுதலாக இருக்கிறது, கால் போடுகிறவருக்கு அது கிடையாது.

நல்ல கைக்காகக் காத்திருந்து 3 பிக் பிளைண்ட்டுக்கு இறங்கிவிட்டால் அப்புறம் யாரும் ஒதுங்க மாட்டார்கள். இரட்டித்தாலும் 6-தான். புதியவர்களில் நிறையப் பேர் வெளியேறுவது துணிந்ததால் இல்லை, இப்படிக் காத்திருந்துதான்.

தள்ளித் தோற்றால் அது தப்பு என்று அர்த்தமில்லை. ஏஸ்-கிங்குக்கும் குயின் ஜோடிக்கும் நடக்கும் மோதல் கிட்டத்தட்டச் சரிபாதி. ஏஸ் ஜோடியே கிங் ஜோடியிடம் ஐந்தில் ஒரு தடவை தோற்கும்.

10. பரிசு எல்லை நெருங்கும்போது

500 பேர் ஆடி 75 பேருக்குப் பரிசு என்று வைப்போம். 76 பேர் மிச்சம் இருக்கும் கட்டத்தைப் பபிள் என்கிறார்கள். அடுத்து வெளியே போகிறவருக்கு ஒன்றும் இல்லை. அவருக்கு அடுத்தவருக்குக் கட்டிய பணத்தைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு. அப்போது எல்லா மேசைகளும் ஒரு கை முடித்துவிட்டு மற்ற மேசைகளுக்காகக் காத்திருக்கும்.

இந்தக் கட்டத்தில் சிப்ஸின் மதிப்பு மாறிவிடுகிறது. 2024 மெயின் ஈவென்ட்டில் 10,112 பேர் ஆடினார்கள், பரிசுத் தொகை 9 கோடியே 40 லட்சம் டாலர். கடைசியில் எல்லாருடைய சிப்ஸும் ஒருவரிடம் வந்து சேர்ந்தது, அவர் பெற்றது 1 கோடி டாலர். சிப்ஸ் இரட்டித்தால் பணம் இரட்டிப்பதில்லை, சிப்ஸ் போனால் மட்டும் எல்லாம் போய்விடுகிறது. அதனால் நடுத்தர அளவு சிப்ஸ் வைத்திருப்பவர், தன்னைவிடப் பெரிய அடுக்குக்காரரோடு மோதுவதைத் தவிர்க்கவேண்டும். உங்களிடமே பெரிய அடுக்கு இருந்தால் இதுதான் அறுவடைக் காலம், பக்கத்து மேசைகளை எட்டிப் பார்த்துக்கொண்டு பயந்திருப்பவர்களின் பிளைண்ட்டைத் தொடர்ந்து எடுங்கள்.

பபிள் வெடித்த அடுத்த நிமிடத்தில் சின்ன அடுக்குக்காரர்கள் எல்லோரும் தள்ள ஆரம்பிப்பார்கள். அங்கே இரண்டு மூன்று கை பொறுத்திருந்தால் வரிசையாகப் பரிசுப் படிகள் ஏறும்.

11. வெளியே வரும்போது: பணமும் வரியும்

பரிசுக்குள் வந்து வெளியேறினால் மேசையிலேயே ஒரு சீட்டு எழுதித் தருவார்கள். அதையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு பரிசு கவுன்ட்டருக்குப் போகவேண்டும். தெரியாதவர் யாராவது வந்து வேகமாக வாங்கித் தருகிறேன் என்றால் சீட்டைக் கொடுக்காதீர்கள்.

அமெரிக்க வரிக் கணக்கில் குடியிருப்பவராக இருப்பவருக்கு, எச்-1பி-யில் சில வருடம் இருப்பவர்கள் பெரும்பாலும் இதில் அடங்குவார்கள், வரம்பைத் தாண்டிய பரிசுக்கு டபிள்யூ-2ஜி என்ற சூதாட்ட வருமானப் படிவம் தருவார்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பார்கள். முழுப் பரிசும் பொதுவாகக் கையில் வரும், வரியைக் கணக்குத் தாக்கலில் நீங்கள் கட்டவேண்டும். தோற்ற போட்டிகளின் கட்டண ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். செலவுகளை விவரமாகக் காட்டித் தாக்கல் செய்பவர் இழப்பையும் கழிக்கலாம். 2026 முதல் இழப்பில் 90 சதவீதத்தை மட்டும்தான் கழிக்க முடியும் என்று சட்டம் மாறியிருக்கிறது.

இந்தியாவிலிருந்து விருந்தாளியாக வந்து ஆடுபவருக்கு நிலைமை கடினம். நிகரப் பரிசில் 30 சதவீதத்தை அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். பிரிட்டன் போன்ற சில நாட்டவருக்கு ஒப்பந்தப்படி விலக்கு உண்டு, இந்தியாவுக்கு இல்லை. மற்றப் போட்டிகளில் இழந்ததைக் கழிக்கவும் முடியாது. பிடித்ததற்கு 1042-எஸ் என்ற படிவம் வரும். இந்தியாவில் குடியிருப்பவர் இந்த வருமானத்தை இங்கேயும் காட்டவேண்டும். அங்கே கட்டிய வரிக்கு ஈடு கேட்க அந்தப் படிவம்தான் ஆதாரம். அது பிறகு தபாலில் வரலாம் என்பதால், பரிசு கவுன்ட்டரில் கொடுக்கும் முகவரி உங்கள் பெயரில் தபால் வந்து சேரும் முகவரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.